பன்னிரண்டுக்கு ஒன்பது

எல்வேத்சியா பொத்தார்தி முப்பத்து மூன்று ஆண்டுகள் காலுறை ஆலையில் விரல்முனை தைத்தவள். பெண்கள் அணியும் மெல்லிய நீளக் காலுறை. இயந்திரத்திலிருந்து அது இருபுறமும் திறந்த குழாயாக வந்து விழும். விரல் பக்கத்தை மூடுவது அவள் வேலை. மாந்தோவா மாகாணத்துக் காஸ்தெல் கொஃப்ரேதோவில் பாதி வீடுகள் அந்தக் காலுறையால் எழும்பியவை. அவள் வீடும் அப்படித்தான். ஊருக்கு வெளியே, கீழே இரண்டு அறை, மேலே இரண்டு, முற்றத்தில் ஒரு கோழிக்கூடு.

ஆலையில் அவளை வம்புக்காரி என்பார்கள். அது சரியில்லை. கூலி, மேற்பார்வையாளரின் வாய், குளிர்காலத்தில் வேலை செய்யாத கணப்பு, இதையெல்லாம் மற்றவர்களைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள்தான். சாப்பாட்டு மேசை விஷயத்தில் மட்டும் வளைய மாட்டாள். ஒரு முறை முதலாளி மதிய இடைவேளையை ஒன்றரை மணி நேரத்திலிருந்து அரை மணி நேரமாகக் குறைத்துச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார். மறுநாள் எல்வேத்சியா மடக்கு மேசையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து ஆலை முற்றத்தில் விரித்தாள். பதினோரு பெண்கள் உட்கார்ந்தார்கள். முதலில் பாஸ்தா, பிறகு இறைச்சி, கீரை, பழம், கடைசியில் காப்பி. முதலாளி வெளியே வந்து கத்தினார்.

"அரை மணியில தின்னு முடிக்கணும்னா மாட்டை வேலைக்கு வைங்க. தொட்டி நாங்களே கட்டித் தர்றோம்" என்றாள் அவள், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு.

ஒரு வாரம் இப்படிப் போனது. முடிவில் இடைவேளை ஒரு மணி நேரமும் ஐந்து நிமிடமும் என்று ஆயிற்று. அந்த ஐந்து நிமிடம் காப்பிக்கு.

கணவன் ரெமோ அவளுடைய அறுபதாவது வயதில் போய்ச் சேர்ந்தான். ஒரே மகன் ஃபுல்வியோ ப்ரேஷாவில் கொதிகலன் பழுது பார்க்கிறான். எழுபத்தொன்பது வயதில் ஒரு டிசம்பர் காலை, கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போன எல்வேத்சியா உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்வரை இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தாள். அறுவை முடிந்ததும், நடை பழகுவதற்காக ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த இல்லத்துக்கு இரண்டு தளம். கீழே, நடக்கக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள். மேலே, புத்தி தடுமாறியவர்கள். மேல்தளக் கதவுக்கு எண் பூட்டு. அந்த எண் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

நடக்கிற வேலையை எல்வேத்சியா ஒழுங்காக முடித்தாள். மூன்றாம் நாள் எழுந்து நின்றாள். பன்னிரண்டாம் நாள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடைகூடத்தின் கோடிவரை போய் வந்தாள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். ஒரு தடவைகூட மாற்றி வைத்ததில்லை. இனி மிச்சம் புத்திக்கான தேர்வு ஒன்றுதான்.

தேர்வு நடத்துபவர் டாக்டர் எமனுவேலே ஸ்கார்தீனோ. உளவியல் படித்தவர், முப்பத்தைந்து வயது, தெற்கே பாரி நகரத்துக்காரர். வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. நல்ல மனிதர், கட்டிலருகே நின்றபடி பேச மாட்டார், நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருவார். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்று கேட்டால் வயதானவர்கள் மிரண்டு போகிறார்கள் என்று பார்த்து, சாப்பாட்டைப் பற்றிப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட தேர்வைத் தானே தயாரித்திருந்தார். சாப்பாட்டு முறை இத்தாலியர்களுக்கு ரத்தத்தில் ஊறியது, அதில் தடுமாறினால் மூளை தடுமாறுகிறது என்று அர்த்தம் என்பது அவர் கணக்கு. பத்துக்குக் கீழே வந்தால், தனியாக வாழ விடுவது உசிதமல்ல என்று அறிக்கை போகும். அந்த அறிக்கையை வைத்து உறவினர் ஒருவர் நீதிபதியிடம் போய், நோயாளி எங்கே இருப்பது என்று முடிவு செய்யும் உரிமையைக் கேட்கலாம்.

புதன்கிழமை காலை கேள்விகள் தொடங்கின.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கப்புச்சினோ குடிப்பீங்களா, சிஞ்ஞோரா?"

"காலையில குடிப்பேன். வயிறு முட்டத் தின்னுட்டு அது மேல பாலையும் ஊத்தினா வயிறு என்ன ஆகும்?"

"மீன் போட்ட பாஸ்தாவுல சீஸ் தூவுவீங்களா?"

"யார் வீட்டு மீன்? கெட்டுப்போன மீனா?"

டாக்டர் சிரித்துவிட்டுக் குறித்துக்கொண்டார். "ஸ்பகெட்டியை ரெண்டா உடைச்சுப் போடுவீங்களா?"

"பாத்திரம் சின்னதா இருந்தா பெரிய பாத்திரத்தை எடுப்பேன்."

"சாலட் எப்போ?"

"இறைச்சியோட. இல்லேன்னா அதுக்கு அப்புறம். வந்து உட்கார்ந்ததும் இலைதழையை மேய நான் முயலா?"

"தட்டுல ஒட்டின குழம்பை ரொட்டியால துடைச்சுச் சாப்பிடலாமா?"

"வீட்ல துடைக்கணும். கல்யாணத்துல துடைக்கக் கூடாது. நான் கல்யாணத்துலயும் துடைப்பேன்."

அதற்கும் ஒரு மதிப்பெண் கிடைத்தது. அதன் பிறகுதான் வண்டி பள்ளத்தில் இறங்கியது. டாக்டர் நான்கு படங்களைக் காட்டினார்: தண்ணீர்க் குவளை, ஒயின் கோப்பை, சூப் கிண்ணம், காப்பிக் கோப்பை. ஒயினை எதில் ஊற்றுவீர்கள் என்று கேட்டார்.

"முன்னால கோழிச்சாறு இருக்கா?"

"இருக்குன்னு வெச்சுக்கோங்க."

"அப்ப கிண்ணத்துல" என்று சூப் கிண்ணத்தின் மேல் விரலை வைத்தாள்.

அடுத்த படத்தில் ஸ்ப்ரிசொலோனா. மக்காச்சோள மாவும் பாதாமும் சேர்த்து, ஓடு மாதிரி மொறுமொறுவென்று சுட்ட வட்டக் கேக். பக்கத்தில் கரண்டி, முள்கரண்டி, கத்தி, கத்தரிக்கோல். எதால் வெட்டுவீர்கள்?

"எதாலயும் இல்ல." எல்வேத்சியா கையை மூடிக் காட்டினாள். "முட்டியால. நடுவுல ஒரே குத்து."

"கத்தி இங்க இருக்கு, சிஞ்ஞோரா. பாக்கறீங்களா?"

"பாக்கறேன். கண்ணுல புரை எடுத்து ரெண்டு வருஷம்தான் ஆகுது."

கடைசிக்கு முந்தின கேள்வி: பூசணிக்காய், சீஸ், வெண்ணெய், பாதாம் பிஸ்கட். இதில் சேராதது எது? வட்டம் போடுங்கள்.

எல்வேத்சியா பென்சிலைக் கீழே வைத்தாள். "வட்டம் போட மாட்டேன். நாலும் சேர்ந்தாத்தான் தொர்தெல்லி. மூணுல எப்படிச் செய்யறது?"

மாவுக்குள் பூசணியையும் பிஸ்கட் பொடியையும் சேர்த்து அடைத்து, அதை முதல் உணவாகப் பரிமாறுவார்கள் என்று பாரியில் வளர்ந்தவருக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் கேட்கவில்லை. தன் வீட்டு மேசைதான் நாட்டின் மேசை என்று நினைப்பது இத்தாலியில் பிறந்த ஒவ்வொருவருக்கும் உள்ள வியாதி. எல்வேத்சியாவுக்கும் அது உண்டு. டாக்டர் மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டார். பன்னிரண்டுக்கு ஒன்பது.

அன்று மாலை உள்ளாடை மாற்ற வந்த பணியாளர் இலியானா செய்தியைச் சொன்னாள். ருமேனியாவிலிருந்து வந்து பதினெட்டு வருடம் இந்த மாகாணத்தில் வயதானவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிப் பழகியவள்.

"சிஞ்ஞோரா எல்வேத்சியா, ஒன்பதுதான் வந்திருக்கு. நேரா எடுத்துச் சொல்லக் கூடாதா? இந்த ஊர்ல இப்படித்தான்னு ஒரு வார்த்தை!"

"கேட்டாரு, சொன்னேன். எது சரின்னு அவருக்குத் தெரியலேன்னா நான் என்ன செய்ய?"

"அவரு பாரிக்காரரு. பாவம்."

"பாவம்னா பாரிக்குப் போய் பரீட்சை வைக்கட்டும். இடது காலைத் தூக்கு, மெதுவா. அது இன்னும் உன் கால் இல்ல, என் கால்."

ஞாயிற்றுக்கிழமை விஷயம் இன்னும் மோசமாயிற்று. மதியம் சேவல் வேகவைத்த சாறும், அதில் இறைச்சி அடைத்த அஞ்ஞோலி என்ற சிறு பாஸ்தாவும். ஆளுக்கு ஒரு சிறு கோப்பை லம்புரூஸ்கோ ஒயின். டாக்டர் ஸ்கார்தீனோ சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, விடுமுறை நாளையும் விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் வந்து நின்றிருந்தார். எல்வேத்சியா அந்தச் சிவப்பு ஒயினை அப்படியே சாற்றில் கவிழ்த்தாள். சாறு ஊதா நிறமாக மாறியது. பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மேசையைப் பிடித்து எழுந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கிண்ணத்தைத் தூக்கி நின்றபடியே குடித்தாள். சாற்றில் ஒயின் கலந்ததை அந்த ஊரில் பெவ்ரின்வின் என்பார்கள், அதைக் குடிக்கிற முறை அது. மேசைக்கு முதுகு, கணப்புக்கு முகம். கூடத்தில் கணப்பு இல்லாததால் தீயணைப்புக் கருவிக்கு முகம் காட்டி நின்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. டாக்டர் மட்டும் எழுதினார்: உணவுகளைப் பொருத்தமின்றிக் கலக்கிறார். உணவின் நடுவே எழுந்து திரும்பி நிற்கிறார். இடம் குறித்த குழப்பம்.

திங்கட்கிழமை ஃபுல்வியோ வந்தான். கோட்டைக் கழற்றாமலே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அம்மா, நாளைக்கு என்னையும் வெச்சுக்கிட்டு மறுபடி கேப்பாராம். பத்து வந்தா நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன். வரலேன்னா நீதிபதிகிட்ட மனு குடுக்கறேன். மேல் தளத்துல ஒரு படுக்கை காலியா இருக்கு."

"மனுவை எழுதிட்டியா?"

அவன் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். எழுதிவிட்டான் என்று அர்த்தம்.

"ரெண்டு மணி நேரம் பனியில கெடந்தம்மா நீ. நான் ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்தேன். நீ கோழி வேலையா இருப்பேன்னு நெனச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக் கொதிகலனுக்குப் போயிட்டேன். தெரியுமா?"

"தெரியும். உன்னை யாரு குத்தம் சொன்னா?"

"அப்ப ஒரே ஒரு வார்த்தை சொல்லு. கத்தி. கேக்கை எதால வெட்டுவேன்னு கேட்டா கத்தின்னு சொல்லு. பத்து ஆயிடும். வீட்டுக்குப் போய் முட்டியால குத்து, தலையால முட்டு, யாரு கேக்கப் போறா?"

"நீ கத்தியால வெட்டுவியா?"

"பேச்சை மாத்தாத!"

எல்வேத்சியா போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இதைக் கேளு ஃபுல்வியோ. இன்னிக்குப் பயந்து ஒரு பொய் சொல்றேன்னு வெச்சுக்க. ஒருநாள் எனக்கு நெஜமாவே மறதி வரும். அப்ப நான் சொல்றதுல எது பொய், எது மறதின்னு நீ எப்படிக் கண்டுபிடிப்ப? எனக்கே தெரியாது. நான் கத்தின்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப மேல போ!" என்று எழுந்தவன், கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அவளுடைய தண்ணீர்க் குவளையைக் கைக்கு எட்டுகிற பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டாக்டரின் அறையில் நான்கு பேர். மேசைக்குப் பின்னால் ஸ்கார்தீனோ, எதிரில் எல்வேத்சியாவும் ஃபுல்வியோவும், நடைச்சட்டத்தைப் பிடித்தபடி இலியானா. டாக்டர் அதே படத்தை நீட்டினார். நீட்டும்போது கத்தி அவள் பக்கம் வரும்படி தாளைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் அவள் தேற வேண்டும் என்றுதான் இருந்தது.

"நிதானமாச் சொல்லுங்க, சிஞ்ஞோரா. எதால?"

எல்வேத்சியா மகனைப் பார்த்தாள். அவன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முட்டி" என்றாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். வேறொரு படிவத்தை எடுத்தார். அது உறவினருக்கானது. "சிஞ்ஞோர் ஃபுல்வியோ, உங்ககிட்ட மூணு கேள்விதான். சூப்புல ஒயினை ஊத்தறது, சாப்பாட்டு நடுவுல எழுந்து முதுகு காட்டி நிக்கறது, கேக்கைக் குத்தறது. இதெல்லாம் எப்ப ஆரம்பிச்சது? விழுந்ததுக்கு அப்புறமா? அதுக்குக் கொஞ்சம் முன்னாலயா? எதை எழுதறது?"

எதைச் சொன்னாலும் கதை முடிந்தது. விழுந்த பிறகு என்றால் மனு வெல்லும். முன்பே என்றால் இன்னும் சீக்கிரம் வெல்லும். இனி ஃபோன் மணி அடித்துக்கொண்டே இருப்பதைக் கேட்க வேண்டாம், பனிக்காலத்தில் தூங்கலாம். ஃபுல்வியோ காலணியிலிருந்து பார்வையை எடுத்தான். அவன் முகம் சிவந்தது.

"என்ன கேள்வி டாக்டர் இது? எப்பலேர்ந்துன்னா? பொறந்ததுலேர்ந்து!"

"அவங்களா?"

"அவங்க, நான், எங்க அப்பா, எங்க தெரு. எனக்கு ஆறு வயசுல முதல் தடவை ஊத்திக் குடுத்தாங்க. திரும்பி நில்லுடா, சிந்தினா கணப்புல சிந்தட்டும்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

"ஆறு வயசுலயா? ஒயினா?"

"ஒரு சொட்டு டாக்டர், ஒரு சொட்டு. அதை எழுதாதீங்க."

"கேக்கையும்..."

"கத்தியால வெட்டினா என்ன மிஞ்சும்? பொடிதான். கோழிக்குப் போடலாம்." தன் குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்து ஃபுல்வியோ நிறுத்தினான். நேற்று கத்தி என்று சொல்லச் சொன்னவன் அவன்தான் என்பது அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். எல்வேத்சியா அதைச் சொல்லிக் காட்டவில்லை.

டாக்டர் இலியானாவைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க, நான் ருமேனியாக்காரி" என்றாள் அவள். "வந்த முதல் வாரம் ஒரு வீட்ல கத்தியை எடுத்தேன். கையில ஒரு அடி விழுந்தது. அதுக்கப்புறம் எடுக்கல. தொர்தெல்லியில பிஸ்கட் போடறதும் வாஸ்தவம்தான். சமையல்கட்டுல கேட்டுப் பாருங்க, வியாழக்கிழமை அதுதான் செய்யப் போறாங்க."

டாக்டர் சமையல்கட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பக்கம் இருந்தவரின் சிரிப்பு அறையெல்லாம் கேட்டது. ரிசீவரை வைத்துவிட்டுச் சிறிது நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

"என்கிட்ட ஏன் எடுத்துச் சொல்லல, சிஞ்ஞோரா?"

"உங்க ஊர்ல கணவாய் மீனைப் பச்சையாத் தின்கிறீங்களாமே, டாக்டர். கல்லுல அடிச்சு, அப்படியே."

"அது வேற விஷயம். அது புத்தம் புதுசு, கடல்லேர்ந்து நேரா வர்றது, நாங்க சின்ன வயசுலேர்ந்து..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றுவிட்டார்.

"நான் உங்களைப் பூட்டி வைக்கச் சொன்னேனா?" என்றாள் எல்வேத்சியா.

அவர் பேனாவை எடுத்தார். மூன்று பெருக்கல் குறிகளையும் அடித்துவிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதினார். எல்வேத்சியா கண்ணாடி கேட்டு வாங்கி, தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள்: இந்த மாகாணத்தில் சரி.

"இது என்ன, இந்த மாகாணத்தில்?"

"உள்ளூர் வழக்கம்னு குறிப்பு, அவ்வளவுதான்."

"கப்புச்சினோ கேள்விக்கு அப்படி எழுதலையே? அங்க சரின்னு மட்டும்தானே போட்டிருக்கீங்க? நான் பன்னிரண்டையும் ஒரே வாயாலதான் சொன்னேன்."

"அம்மா, போதும்மா, பன்னிரண்டு வந்திருச்சு, வா போலாம்" என்று ஃபுல்வியோ அவள் தோளைத் தொட்டான்.

"இரு. எனக்குக் குளிருமில்ல, அவசரமுமில்ல."

டாக்டர் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். மூன்று இடத்திலும் முதல் இரண்டு சொற்களை அடித்தார். ஒன்றில் மை கொஞ்சம் இழுகியது. "இப்ப சரியா?"

"இப்ப சரி" என்று அவள் எழுந்தாள். இலியானா கையை நீட்டவில்லை. நடைச்சட்டத்தை மட்டும் நேராக வைத்தாள். தானாக எழ முடிகிறவரைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

வியாழக்கிழமை அவள் வீட்டில் இருந்தாள். ஃபுல்வியோ முற்றத்தில் மணல் கொட்டி, கூடு வரைக்கும் இரும்புக் கைப்பிடி அடித்தான். விழுந்தால் அழுத்துவதற்கு ஒரு பொத்தானை வாங்கிக் கழுத்தில் மாட்டச் சொன்னான். கழுத்தில் மணி கட்ட நான் பசுவா என்று கேட்டுவிட்டு, அதை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கோழிக்கூட்டுக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போவாள். அடுத்த ஐந்து ஆண்டில் இரண்டு முறை விழுந்தாள். ஒரு முறை அழுத்தினாள். இன்னொரு முறை தானே எழுந்துவிட்டாள். அது ஃபுல்வியோவுக்குத் தெரியாது.

ஐந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஒரு காலை அவளே அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அடுப்பை ரெண்டு தடவை அணைக்காம விட்டுட்டேன். நேத்து பக்கத்து வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியல. ரெமோன்னு கூப்பிட்டேன். இது நெஜம் மறதி."

உண்மையா, தூக்கக் கலக்கமா, டாக்டரிடம் கேட்போமா என்றெல்லாம் ஃபுல்வியோ கேட்கவில்லை. அம்மா சொன்னால் அப்படித்தான் என்று அவனுக்குத் தெரியும்.

"சரிம்மா. அந்த இல்லத்துல பேசட்டுமா?"

"அதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்? ஆளை இங்க அனுப்பு. அடுப்பைப் பாத்துக்கறதுக்கு ஒருத்தி. சமைக்கத் தெரிஞ்சவ வேண்டாம், என்கிட்ட வாதாடுவா. தெரியாதவளாப் பாத்து அனுப்பு."